எந்த நாட்டு இலையுதிர் காலம்?

தமிழ்ப்பள்ளி மாணவர் எழுதும் கட்டுரைகளில் ஆண்டுதோறும் ஓர் அதிசயம் நிகழ்ந்து வருகின்றது. பொந்தியானில் பிறந்து, பொந்தியானில் வளர்ந்து, ஜொகூர் மாநில எல்லையைத் தாண்டியறியாத பிள்ளை, கோடை கழிந்து இலையுதிர் காலம் வருவதைக் கண்டு கண் கலங்குகின்றது. பொன்னிற இலைகள் பாதையெங்கும் பரவிக் கிடக்கின்றன. குளிர்காற்று மெல்லென வீசுகின்றது. பறவைகள் கூட்டங்கூட்டமாகத் தென்திசை நோக்கிப் பறக்கின்றன. கோடையைப் பிரியும் வருத்தமும் புதுப் பருவத்தை எதிர்கொள்ளும் மகிழ்ச்சியும் அப்பிள்ளையின் நெஞ்சில் ஒருங்கே எழுகின்றன. எழுத்துப் பிழை இல்லை. சந்திப் பிழை இல்லை. உவமைகள் உரிய இடங்களில் அமர்ந்திருக்கின்றன. திருத்தும் கை சிவப்பு மையால் 'நன்று' என்று எழுதி ஏட்டை மூடிவிடுகின்றது.

அந்தப் பிள்ளை எந்த ஊரில் நின்று அழுதது என்று கேட்பார் இல்லை. அக்கேள்வியைக் கேட்பதற்கே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

பொந்தியான் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில் அமைந்துள்ளது. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியாகிய தஞ்சோங் பியாய் இம்மாவட்டத்திலேயே இருக்கின்றது. இலண்டன் மாநகரில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் இடையே எட்டு மணி நேரத்திற்கு மேற்பட்ட வேறுபாடு உண்டு. பொந்தியானில் அவ்வேறுபாடு பத்து நிமிட அளவே. பகல் சுருங்குவதும் குளிர் மிகுவதும் மேனாட்டு மரங்களை இலை உதிர்க்கச் செய்கின்றன. அவ்விரு காரணங்களும் இங்கு இல்லை. காரணம் இல்லாத ஊரில் காரியத்தைக் கண்டதாக எழுதுவதும், அதற்காக நெஞ்சம் உருகியதாக எழுதுவதும் எவ்வகையில் கட்டுரையாகும்?

கற்பனைக்கு இடமில்லையா என்று சிலர் வினவுவர். தாராளமாக இடமுண்டு. காணாத பனியையும் ஏறாத மலையையும் பிள்ளை கற்பனை செய்யட்டும். ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் இலையுதிர் காலத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற பாடலையும் உரிய வயதில் படிக்கட்டும். ஆயினும் அப்பாடல் பிறந்த வகையையும் அப்பிள்ளைக்குச் சொல்லுதல் வேண்டும். கீட்ஸ் 1819-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் வின்செஸ்டர் நகரில் அதனை எழுதினார். அறுவடை முடிந்து தாள்கள் நின்ற வயல்களினூடே நடந்து, அக்காட்சியில் உள்ளம் தோய்ந்து எழுதினார். தம் காலடியில் இருந்த மண்ணைப் பார்த்தே அவர் பாடினார். அவரைப் பின்பற்ற விரும்புவோர் அவர் பார்த்த வயலைப் படியெடுத்தல் தகாது; அவர் பார்த்தது போலத் தத்தம் வயலைப் பார்த்தல் வேண்டும்.

சொற்களைக் கடன் வாங்குவது எல்லா மொழிக்கும் உள்ள வழக்கம். அதனால் பெருங்கேடு விளைவதில்லை. உணர்ச்சியைக் கடன் வாங்குவதோ வேறு. தன் வீட்டு வாசலில் நிகழும் மாற்றத்தால் தனக்கு எழும் உணர்வை அறியாமல், எங்கோ எவருக்கோ எழுந்த உணர்வைத் தனதென்று எழுதப் பழகும் பிள்ளைக்கு, நாளடைவில் தன் உள்ளம் பேசுவதே கேளாமற் போகும். மொழிக்கல்வியின் பயன் இதுதானா?

பருவமே இல்லையா?

"இந்நாட்டில் பருவமென்று ஒன்றும் இல்லையே! ஆண்டு முழுதும் வெயில், ஆண்டு முழுதும் மழை. பிள்ளைகள் வேறு எதை எழுதுவார்கள்?" என்பார் ஒரு சாரார். இவ்வாறு சொல்வோரிற் பலர் பல்லாண்டு இம்மண்ணிலேயே வாழ்ந்தவர்கள் என்பதுதான் வியப்பு.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை ஆண்டை இரு பருவக்காற்றுக் காலங்களாகவும், அவற்றிடையே வரும் இரு மாறுகாலங்களாகவும் பகுத்துள்ளது. மே மாத இறுதியில் தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. இவற்றின் இடைப்பட்ட காலங்களில் காற்று அடங்கி, பிற்பகலில் இடியும் மின்னலுமாக மழை கொட்டும். மேனாட்டார் கோடை கழிந்து இலையுதிர் காலம் புகும் அதே நாள்களில், அதாவது செப்டம்பர், அக்டோபர் திங்கள்களில், பொந்தியானும் ஒரு பருவத்தை விட்டு மற்றொரு பருவத்துள் புகுகின்றது. அம்மாற்றத்தைக் கண்ணும் மூக்கும் செவியும் உடைய எவரும் உணரலாம்.

தென்மேற்குக் காற்று வீசும் மாதங்கள் ஒப்புநோக்க வறண்டவை. சுமத்திராவிலும் நம் நாட்டிலும், மக்கிய தாவரங்கள் ஆழமாகப் படிந்த சதுப்பு நிலங்கள் உண்டு. பொந்தியான் மாவட்டத்தில் அன்னாசி செழிப்பதும், பெக்கான் நனாஸ் என்னும் ஊர் அன்னாசியின் பெயரையே தன் பெயராகக் கொண்டதும் அத்தகைய மண்ணால்தான். அம்மண்ணில் நீர் வற்றினால் மண்ணே எரியும். மேலே அணைந்தாலும் கீழே கனன்றுகொண்டிருக்கும். நெருப்பு சுமத்திராவில் மூளும்போது தென்மேற்குக் காற்று அப்புகையை நீரிணையைக் கடந்து நம்மிடம் கொணர்கின்றது. 1997-ஆம் ஆண்டின் புகைமூட்டத்தை நடுவயதினர் எவரும் மறந்திரார். 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டியது. 300-ஐக் கடந்தாலே பேரிடர் நிலை என்பது கணக்கு. மூவாரிலும் லேடாங்கிலும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் திங்கள்களில் பல மாநிலங்களில் பள்ளிகளை மூட நேர்ந்தது. முகக்கவசத்துடன் வகுப்பில் அமர்ந்த பிள்ளை, சிவந்த தட்டுப்போலத் தோன்றும் ஞாயிற்றைக் கண்ட பிள்ளை, தம்பிக்கு மூச்சிரைத்த இரவில் விழித்திருந்த பிள்ளை, 'என் நாட்டில் பருவம் இல்லை' என்று எழுதலாமா?

புகை படர்ந்த நாள்களில் எல்லாரும் மழையை வேண்டுகின்றனர். காற்றுத் திரும்பி மழை வருகின்றது. வானம் கழுவிவிட்டாற்போல் தெளிகின்றது. இனி மகிழ்ச்சிதானே என்று கருதினால் அது பாதி உண்மையே.

மழை தரும் இரு மனம்

ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்குவது விடியற்காலையில். அதனாலேயே தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் இருட்டில் எழுந்து பெரட்டுக்குச் சென்று, நெற்றியில் விளக்குக் கட்டி நிரைக்குப் போயினர். பட்டை நனைந்திருந்தால் மரம் வெட்ட இயலாது. வெட்டினாலும் பால் கோட்டின் வழி ஓடாமல் பட்டையெங்கும் பரவி வீணாகும். மங்கில் விழுந்த பாலையும் மழைநீர் அடித்துச் சென்றுவிடும். நீரிணைப் பக்கத்தில் விடிவதற்கு முன் திடீரென்று சீறி வரும் புயற்காற்றுக்கும் மழைக்கும் 'சுமத்திரா' என்றே பெயர் வழங்குகின்றது. அது வந்த காலையில் வேலை இல்லை. அற்றைக்கூலிக்காரருக்கு வேலையில்லாத நாள் கூலியில்லாத நாள்.

இம்மழை வலுக்கும் ஐப்பசியில்தான் தீபாவளியும் வருகின்றது. பிள்ளைகளுக்குப் புத்தாடை வேண்டும், எண்ணெயும் மாவும் வேண்டும், உறவினர் வருவர். செலவு மிகுந்த மாதமும் வருவாய் குறைந்த மாதமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. புகை போயிற்றென்று மூச்சு விட்ட அதே நெஞ்சு, மழை நிற்கவில்லையே என்று பெருமூச்சும் விடுகின்றது. பருவமாற்றத்தால் உள்ளம் இருபாற்படுதல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எங்குத் தேடுவது?

இதனை நாம் மட்டும் உணர்ச்சிப் பெருக்கால் சொல்லவில்லை. 1973-இல் அமைந்த ரிஸ்டா என்னும் ரப்பர்ச் சிறுதோட்டத்தார் மேம்பாட்டு நிறுவனத்தின் வழியே, மழைக்காலத்தில் வருவாய் இழக்கும் சிறுதோட்டத்தாருக்கு அரசாங்கமே உதவித்தொகை வழங்கி வருகின்றது. அத்தொகைக்குப் பெயரே பருவமழைக்கால உதவி. அரசின் கணக்கேட்டில் இடம்பெற்றுவிட்ட பருவம் நம் கட்டுரை ஏட்டில் இடம்பெறவில்லை!

கடற்கரை மக்களின் நிலையும் இத்தகையதே. பொந்தியானின் கரையோர நிலம் தாழ்ந்தது. கடல் பொங்கி நிற்கும் வேளையில் பெருமழையும் சேர்ந்தால் நீர் வடிய வழியின்றித் தேங்கும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் கண்ட வெள்ளத்தில் இலட்சத்திற்கு மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமாட் வட்டாரங்களில் மீண்டும் பெருவெள்ளம். வடகிழக்குப் பருவக்காற்று விடைபெற வேண்டிய மார்ச்சில் அவ்வெள்ளம் வந்தது என்பதையும் கருதுக. பருவங்கள் இல்லாத நாடு அன்று இது; பருவங்களைக் கூர்ந்து நோக்க வேண்டிய நாடு.

இலை எப்போது உதிர்கின்றது?

இலையுதிர் காலம் என்னும் சொல்லுக்கே நம் மண்ணில் மெய்யான பொருள் உண்டு. அமேசான் காடுகளிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தின் வழியாக 1877-ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து, பின்னர் இத்தீபகற்பமெங்கும் பரவிய ரப்பர் மரம் ஆண்டுக்கொரு முறை இலை உதிர்க்கும் இயல்புடையது. ஆண்டின் முற்பகுதியில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் திங்கள்களின் வறட்சியில், இலைகள் மஞ்சளும் சிவப்புமாகிச் சருகாக வீழ்கின்றன. மரங்கள் எலும்புக்கூடுகளாக நிற்கும். நிழலில்லாத் தோட்டத்தில் வெயில் சுடும். பால் குறையும். சில வாரங்களில் செம்பு நிறத் தளிர்கள் துளிர்க்கும். ஆங்கிலேயத் துரைமார் இதனைத் தம் நாட்டுக் குளிர்காலத்தின் பெயராலேயே அழைத்தனர். ஆனால் அச்சருகின்மேல் நடந்து, பால் குறைந்த வாளியைத் தூக்கி வந்தவர்கள் நம் பாட்டன் பாட்டியர். காலடியில் சருகு நொறுங்கும் அவ்வோசையை எழுதிய மாணவன் எத்தனை பேர்?

மேனாட்டு இலையுதிர் காலமாகிய செப்டம்பரில் இம்மரத்திடம் வேறொரு நிகழ்ச்சி உண்டு. முற்றிய காய்கள் வெயிலில் வெடித்து, கொட்டைகள் தொலைவிற் சென்று விழும். அவ்வெடியோசையைக் கேட்டும், பளபளக்கும் அக்கொட்டைகளைப் பொறுக்கி விளையாடியும் வளர்ந்தவர்கள் இன்றைய மாணவரின் பெற்றோரிலும் பாட்டன்மாரிலும் உளர். தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, குடும்பங்கள் நகர்ப்புறம் பெயர்ந்தன, லயங்கள் இடிந்தன. அவர்கள் வாயில் இன்னும் வழங்கும் சொற்களையும் நினைவுகளையும் பிள்ளைகள் இப்போது கேட்டு எழுதாவிடில், அவற்றை எழுத வேறொரு தலைமுறை வாய்க்காது. இழப்பு இதுதான். மதிப்பெண் இழப்பு இதன்முன் ஒரு பொருட்டன்று.

தொல்காப்பியர் பெயரால்

மற்றொரு சாரார் மரபைக் காட்டுவர். "கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பருவங்களை நம் முன்னோர் வகுத்துத் தந்துள்ளனர். அவற்றை மாற்ற நாம் யார்?" என்பது அவர்தம் வாதம். மாற்றுமாறு எவரும் கேட்கவில்லை. அவற்றை மாணவர் கற்றேயாதல் வேண்டும். அவையின்றிச் சங்க இலக்கியத்தின் வாயிலே திறவாது. ஆயினும் மரபு என்பது பெயர்ப்பட்டியல் மட்டுந்தானா?

தொல்காப்பியர் அகப்பொருளுக்கு முதற்பொருளாகக் கூறுவன நிலமும் பொழுதும். இரண்டும் இணைந்தே நிற்கும். நிலத்தை விடுத்துப் பொழுதைத் தனியே பறித்தெடுத்தல் அவர் கொள்கைக்கே மாறானது. அந்நிலத்தின் உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியன கருப்பொருளாக அமைய, அவற்றின்மேல் எழுவது மாந்தர் உணர்வாகிய உரிப்பொருள். மண், பொழுது, அம்மண்ணின் வாழ்வு, அதன்பின் உணர்வு: இவ்வரிசையை உலகுக்குச் சொன்ன இனத்தின் பிள்ளைகள், மண்ணும் தமதன்று, பொழுதும் தமதன்று, உணர்வும் தமதன்று என்னும் நிலையில் எழுதுவது முறையாகுமா? பொந்தியான் கடல்சார்ந்த ஊர், நெய்தல் நிலம். மருதத்திற்கும் நெய்தலுக்கும் ஆறு பெரும்பொழுதும் உரியவை என்பர் இலக்கண நூலார். நெய்தல் நிலத்தார் ஆண்டு முழுவதையும் பார்த்து எழுதுவதற்கு மரபே இடமளித்திருக்கின்றது.

மாதங்களையும் பொருத்திப் பார்ப்போம். முன்பனிக்குரிய மார்கழியிலும் தையிலும் பொந்தியானில் பனி இல்லை. மழையும் வெள்ள அச்சமும் உண்டு. முதுவேனிலுக்குரிய ஆனி, ஆடியில் இங்கு வறட்சி உண்டு. ஆனால் அதே நாள்களில் டுரியானும் ரம்புத்தானும் குவிகின்றன. ஐப்பசி அடைமழை மட்டும் கடல் கடந்தும் நம்மைக் கைவிடவில்லை. எது பொருந்துகின்றது, எது பொருந்தவில்லை என்று மாணவனே ஒப்பிட்டுக் காணும்போது மரபு அவனுக்கு உயிருள்ள பொருளாகின்றது.

பிற தமிழ் நிலங்களின் வழக்கும் இதற்குச் சான்று. யாழ்ப்பாணத்தார் ஆண்டைக் காற்றால் அளந்தனர். தென்மேற்கிலிருந்து வீசுவதைச் சோளகம் என்றும், வடகிழக்கிலிருந்து வருவதை வாடை என்றும் கூறி, பயிரையும் படகையும் அவற்றுக்கேற்ப நடத்தினர். மட்டக்களப்பார்க்குக் கச்சான் என்று சொன்னாலே அக்காற்றின் வெம்மை நினைவுக்கு வரும். அவர்கள் தமிழ் மரபை இழந்தவர்களா? தத்தம் மண்ணுக்குத் தமிழில் பெயரிட்டவர்கள். வேற்றினத்தாரும் அவ்வாறே செய்துள்ளனர். ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில் வாழும் நூங்கார் பழங்குடியினர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுப்பர். ஐரோப்பியர் அங்கே கொண்டுசென்ற நான்கு பருவப் பகுப்பினும் அதுவே அம்மண்ணுக்குப் பொருந்துகின்றது. நம் அண்டை வீட்டு மலாய்க்காரரும் பழத்தால் ஒரு பருவம், மழையால் ஒரு பருவம், புகையால் ஒரு பருவம் என்று இயல்பாகப் பேசுகின்றனர். நாம் மட்டும் நம் பருவங்களுக்குப் பெயரில்லாமல் இரவல் பெயரோடு நிற்கின்றோம்.

மதிப்பெண் யாருக்கு?

மூன்றாவது சாரார் நடைமுறை பேசுவர். "மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்தால் மதிப்பெண் உறுதி. ஊர்ப்பேச்சை எழுதினால் நடை கெடும்" என்பர். இதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுதல் தகும். முன்னொரு கால் ஒரு கட்டுரைப் போட்டியில் 'எனக்குப் பிடித்த பருவம்' என்பது தலைப்பு. என் மாணவி ஒருத்தி, விடியற்காலையில் தகரக் கூரையில் மழை விழும் ஓசை தனக்கு மிகவும் பிடிக்கும் என்று தொடங்கியிருந்தாள். அதே ஓசையைக் கேட்டதும் அம்மா விளக்கை அணைத்துவிட்டு மீண்டும் படுத்துவிடுவார் என்றும், அன்று மாலை கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் தங்கள் பெயருக்கு நேரே ஒரு வரி கூடும் என்றும், ஆதலின் அந்த ஓசையைப் பிடிக்கும் என்று சொல்லத் தனக்கே அச்சமாக இருக்கின்றது என்றும் எழுதி முடித்திருந்தாள். நடுவர்கள் அதில் இலக்கிய நயம் இல்லை என்றனர். பரிசு, பொன்னிற இலைகள் உதிர்ந்த ஒரு கட்டுரைக்குச் சென்றது.

இலக்கிய நயம் என்பது யாது? சொல்லடுக்கா? ஒரே மழை மகளுக்கு இன்பமாகவும் தாய்க்குத் துன்பமாகவும் ஆகி, இரண்டும் மகளின் நெஞ்சில் மோதுவதைப் பன்னிரண்டு வயதிற்குள் கண்டு சொல்லிவிட்டாளே, அதனினும் உயர்ந்த நயத்தை எந்த மாதிரிக் கட்டுரை கற்பிக்கும்? நடை கெடும் என்னும் அச்சமும் வீண். நிரை, மங்கு, பெரட்டு, கோட்டுப்பால் என்னும் சொற்கள் வாழ்ந்த சொற்கள். அவற்றை நல்ல தமிழ்த் தொடரில் அமைத்துத் தரும் திறமே நடை. அத்திறத்தைப் பயிற்றுவதற்கன்றோ ஆசிரியர் இருக்கின்றோம்?

செய்யத்தக்கன

குறை கூறி ஓய்வது ஆசிரியர்க்கு அழகன்று. பெருஞ்செலவின்றி எந்தப் பள்ளியிலும் செய்யத்தக்க மூன்றினை முன்வைக்கின்றேன்.

முதலாவது, நிழல் பார்த்தல். பொந்தியானில் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கும் நாள்கள் ஆண்டுக்கு இரண்டு. ஏறத்தாழ மார்ச் 24, செப்டம்பர் 19 ஆகிய நாள்களை ஒட்டி, பிற்பகல் ஒரு மணி அளவில், திடலில் நட்ட கோலின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துவிடும். கீட்ஸ் இலையுதிர் காலத்தைப் பாடிய அதே செப்டம்பர் 19 நமக்கு நிழலற்ற நாள்! வின்செஸ்டரில் நிழல் நீளத் தொடங்கும் காலத்தில் பொந்தியானில் நிழலே இல்லை என்பதைக் கண்ட மாணவன், இரவல் பருவத்தை இனி எழுதுவானோ?

இரண்டாவது, மழை ஏடு. வகுப்புக்கு ஓர் ஏடு போதும். நாள்தோறும் மழை பெய்த நேரம், காற்று வந்த திசை, வானத்தின் தெளிவு, கடைத்தெருவில் வந்த பழம், பூத்த மரம் ஆகியவற்றை மாணவர் முறைவைத்து எழுதுவர். ஓராண்டு முடிவில் பொந்தியானின் பருவங்கள் யாவை என்று அவர்களே பகுப்பர். அவற்றுக்குத் தமிழ்ப் பெயரும் அவர்களே சூட்டட்டும். புகைக்காலம் என்பார்களோ, கொட்டை வெடி காலம் என்பார்களோ, எதுவாயினும் அது கண்டு இட்ட பெயராக இருக்கும்.

மூன்றாவது, முதியோரைக் கேட்டல். மழை நாளில் வீட்டில் என்ன நடந்தது, பால் குறைந்த மாதத்தில் எவ்வாறு வாழ்ந்தார்கள், சருகு விழும் காலத்தை எந்தச் சொல்லால் குறித்தார்கள் என்று தாத்தாவிடமும் பாட்டியிடமும் கேட்டு வரச் செய்தல் வேண்டும். அவ்விடைகளே அடுத்த கட்டுரைக்குக் கருப்பொருள்.

போட்டி நடுவர்களாக அமரும் தமிழாசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். இலையுதிர் காலத்தைப் பற்றிய கட்டுரை அடுத்த முறை கைக்கு வரும்போது, உவமைகளை எண்ணுவதற்கு முன் ஒரு வினாவை எழுப்புக: இந்த இலை எந்த மரத்தினுடையது? விடை கட்டுரைக்குள் இருந்தால் மதிப்பெண் தருக. இல்லையேல், ஏட்டைப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்து, வகுப்பறைச் சன்னலைத் திறந்து வைத்து, வெளியே பார்த்து மீண்டும் எழுதச் சொல்க.